கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு வந்த கதி: கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு என்ன பாடம்?

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜப்பானைச் சேர்ந்த ஃபூஜிஃபிலிம் கம்பெனி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. "நியோபான் 100 ஆக்ரோஸ்" என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமின் விற்பனை குறைந்துகொண்டே வருகிறது, எனவே அதை நிறுத்துகிறோம் என்பதுதான் அதன் சாரம். சாதாரண கேமராக்களுக்கான 35 மி.மீ. ரோலும், நடுத்தர அளவு கேமராக்களுக்கான 120 ரோலும் அந்த ஆண்டு அக்டோபருடன் நிற்கும் என்றார்கள். பெரிய கேமராக்களில் போடும் ஷீட் ஃபிலிம் அதற்கும் முன்பே நின்றுவிட்டது.

இந்த அறிவிப்பைக் கேட்டு உலகம் முழுவதும் போட்டோகிராபர்கள் பலர் கொதித்துப் போனார்கள். காரணம், 1934-இல் ஃபிலிம் தயாரிக்க என்றே தொடங்கப்பட்ட ஒரு கம்பெனியின் கடைசி கறுப்பு வெள்ளை ஃபிலிம் அது. அதன் தம்பிகளான நியோபான் 400, நியோபான் 1600 இரண்டும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன.

"கம்ப்யூட்டர் இதழில் ஃபிலிமைப் பற்றிய கட்டுரை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, மொபைலில் இருக்கும் போட்டோக்களை எல்லாம் அதில் கொட்டி வைப்பது. அத்துடன், "இனி எல்லாம் பத்திரமாக இருக்கும்" என்ற நம்பிக்கையும் வந்துவிடுகிறது. ஆக்ரோஸ் ஃபிலிமின் கதையைத் தெரிந்துகொண்டால் அந்த நம்பிக்கை எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்பது புரியும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆக்ரோஸில் அப்படி என்ன இருந்தது?

முதலில் ஃபிலிம் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதன் மேல் ஜெலட்டின் பூச்சு. அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெள்ளி உப்புப் படிகங்கள் கோடிக்கணக்கில் இருக்கும். வெளிச்சம் பட்ட படிகங்கள், டெவலப்பர் என்ற ரசாயனத்தில் நனைக்கும்போது கறுப்பு வெள்ளித் துகள்களாக மாறும். வெளிச்சம் படாதவை அடுத்த ரசாயனத்தில் கரைந்து போய்விடும். அதனால்தான் நெகட்டிவில் வெள்ளைச் சட்டை கறுப்பாகவும், கறுப்புத் தலைமுடி வெளுப்பாகவும் தெரிகிறது. டிஜிட்டல் கேமராவின் பிக்சல் என்ன வேலை செய்கிறதோ, கிட்டத்தட்ட அதைத்தான் இந்தப் படிகம் செய்கிறது. ஆனால் பிக்சல் மாதிரி வரிசையாக இல்லாமல் கலைந்து கிடக்கும்.

ஆக்ரோஸில் இந்தத் துகள்கள் மிக நுண்ணியவை. எனவே படத்தைப் பெரிதாக்கினாலும் சொரசொரப்புத் தெரியாது. ஆனால் அதன் உண்மையான சிறப்பு வேறு. இருட்டில், நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைத்துப் படம் எடுக்கும்போது மற்ற ஃபிலிம்கள் தடுமாறும். "ஒரு நிமிடம் போதும்" என்று மீட்டர் காட்டினால், பல ஃபிலிம்களுக்கு இரண்டு, மூன்று நிமிடம் கொடுத்தால்தான் படம் சரியாக வரும். வெளிச்சம் சொட்டுச் சொட்டாக வரும்போது, படிகத்தில் ஒரு வெள்ளி அணு உருவாகி, அடுத்தது வருவதற்குள் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. அதுதான் காரணம்.

ஆக்ரோஸ் இதில் கெட்டிக்காரன். 120 விநாடி வரை எந்தக் கூட்டல் கழித்தலும் தேவையில்லை. மீட்டர் சொன்னதை அப்படியே கொடுக்கலாம். அதற்கு மேல் 1000 விநாடி வரை அரை ஸ்டாப் கூட்டினால் போதும் என்பது கம்பெனியே கொடுத்த கணக்கு. இரவு நேரக் கட்டிடங்கள், பனிமூட்டம் போலத் தோன்றும் கடல் அலைகள், நட்சத்திரங்கள் ஆகியவற்றைப் படம் எடுப்பவர்களுக்கு இது வரப்பிரசாதமாக இருந்தது. ஆகவே அவர்களின் கோபம் வெறும் பழைய பாசம் மட்டும் அல்ல. கையில் இருந்த ஒரு நல்ல கருவி போகிறதே என்ற கவலை.

நான்கு விதமான ஆட்கள்

இப்படி ஒரு பொருள் நிறுத்தப்படும்போது, அதைப் பயன்படுத்துபவர்களில் நான்கு வகையினரைப் பார்க்கலாம். ஃபிலிமுக்கு மட்டும் அல்ல, சாஃப்ட்வேருக்கும் இதே கதைதான்.

முதல் வகை, வாங்கிக் குவிப்பவர்கள். கிடைத்த ரோல்களை எல்லாம் வாங்கி ஃப்ரீஸரில் அடுக்கி வைப்பார்கள். ஆக்ரோஸ் போன்ற வேகம் குறைந்த ஃபிலிமைக் குளிரில் வைத்தால் காலாவதித் தேதிக்குப் பிறகும் நன்றாகவே இருக்கும் என்பதால் இது முட்டாள்தனம் அல்ல. ஆனால் எத்தனை ரோல் வாங்கினாலும் அது ஒரு நாள் தீரத்தானே வேண்டும்?

இரண்டாம் வகை, கம்பெனியைத் திட்டுபவர்கள். "இத்தனை வருடம் வாடிக்கையாளராக இருந்தோமே, இப்படிக் கைவிட்டுவிட்டார்களே" என்பார்கள்.

மூன்றாம் வகை, மாற்று தேடுபவர்கள். இல்ஃபோர்டு டெல்டா 100, கோடாக் டி-மேக்ஸ் 100 போன்ற ஃபிலிம்களை வாங்கிப் போட்டு, பழகிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

நான்காம் வகை, "இதற்கு ஏன் அழ வேண்டும்? கம்ப்யூட்டரில் ஒரு கிளிக் செய்தால் கலர் போட்டோ கறுப்பு வெள்ளை ஆகிவிடுமே" என்று சிரிப்பவர்கள்.

நான் மூன்றாம் வகையினர் பக்கம். ஆனால் முதல் இரண்டு வகையினரைக் கேலி செய்ய மாட்டேன். நான்காம் வகையினர் சொல்வதில் பாதிதான் உண்மை. அதைப் பிறகு பார்ப்போம்.

கொஞ்சமாகத் தயாரித்தால் என்ன?

"விற்பனை குறைந்தால் குறைவாகத் தயாரிக்க வேண்டியதுதானே, ஏன் முழுவதும் நிறுத்த வேண்டும்?" என்று தோன்றும். சாஃப்ட்வேர் துறையில் இருக்கும் எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. எங்கள் தொழிலில் ஒரு புரோகிராமை எழுதிவிட்டால், பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் பத்து லட்சம் பேருக்குக் கொடுத்தாலும் காப்பி எடுக்க ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

ஃபிலிம் அப்படி இல்லை. ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான பட்டையில், கிலோமீட்டர் கணக்கில், முழு இருட்டில், ஒரே சீராகப் பூச்சு ஓட வேண்டும். அந்த மெஷின் பெரிய அளவில் ஓடுவதற்காகவே கட்டப்பட்டது. ஒரு முறை ஓட்டினால் வரும் ஃபிலிமை அதன் ஆயுளுக்குள் விற்றாக வேண்டும். விற்காவிட்டால் குப்பைதான். பூச்சில் சேர்க்கும் ரசாயனங்களைத் தயாரிக்கும் கம்பெனிகளும் வேறு. அவற்றில் ஒன்று தன் பொருளை நிறுத்தினால், ஃபிலிமின் ஃபார்முலாவையே மாற்ற வேண்டிவரும். இட்லிக் கடையில் கூட்டம் குறைந்தால் மாவைக் குறைத்து ஆட்டலாம். இங்கே அது முடியாது.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஊட்டியில் மத்திய அரசின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற கம்பெனி 1960-இல் தொடங்கப்பட்டது. 1967-இல் அங்கே உற்பத்தி ஆரம்பமானது. "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும், போட்டோ பேப்பரும், எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து வந்தன. உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கும் அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படங்களில் சில "இந்து" ஃபிலிமில் எடுத்ததாகவே இருக்கலாம். 1990களில் நலிவடைந்த அந்தக் கம்பெனி பிறகு எழவே இல்லை, கடைசியில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்த ஃபிலிமில் எடுத்த படங்கள் மூடப்படவில்லை, பாருங்கள்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த ஆக்ரோஸ்

ஆக்ரோஸ் கதை அதோடு முடியவில்லை. 2019 ஜூனில் ஃபூஜிஃபிலிம் இன்னோர் அறிவிப்பு வெளியிட்டது. "நியோபான் 100 ஆக்ரோஸ் 2" வரப்போகிறது என்றார்கள். பழைய ரசிகர்கள் மட்டும் அல்ல, சோஷியல் மீடியாவில் வளர்ந்த இளைஞர்களும் ஃபிலிம் வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றும், கிடைக்காமல் போன மூலப்பொருட்களுக்கு மாற்று கண்டுபிடித்துத் தயாரிப்பு முறையை மாற்றியிருக்கிறோம் என்றும் விளக்கம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம். அதில் பிரிட்டனில் தயாரிக்கப்பட்டது என்று போட்டிருந்தது.

இதேபோல் கோடாக்கின் டி-மேக்ஸ் பி3200 ஃபிலிமும் 2012-இல் நிறுத்தப்பட்டு, 2018-இல் திரும்பி வந்தது.

"பார்த்தீர்களா, கத்தினால் காரியம் நடக்கும்" என்று இரண்டாம் வகையினர் சொல்லிக்கொள்ளலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கத்தியது ஓரளவுக்கு உதவியிருக்கலாம். ஆனால் வாங்க ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததால்தான் கம்பெனி திரும்பி வந்தது. ஒரு பொருளை நேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வருடத்துக்கு ஒரு ரோல்கூட வாங்காமல் இருந்தால் அந்த நேசத்தால் மெஷின் ஓடாது. உங்களுக்குப் பிடித்த ஒரு சிறிய சாஃப்ட்வேர் இருக்கிறதா? திருட்டு சிடியில் போட்டுக்கொண்டு, "ஏன் புது வெர்ஷன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள். முடிந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். இலவச சாஃப்ட்வேராக இருந்தால் நன்கொடை கொடுங்கள்.

கேமராவுக்குள் ஒரு ஆக்ரோஸ்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் சுவாரஸ்யமாகப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. நிஜ ஆக்ரோஸ் நின்றது 2018-இல். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2016 ஜனவரியில், அதே கம்பெனி தன்னுடைய எக்ஸ்-புரோ2 டிஜிட்டல் கேமராவில் "ஆக்ரோஸ்" என்ற பெயரிலேயே ஒரு வசதியைக் கொடுத்திருந்தது. மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஃபிலிமில் எடுத்தது போன்ற தோற்றத்தில் படம் வரும். மஞ்சள், சிவப்பு, பச்சை ஃபில்டர் போட்டது போலவும் தேர்வு செய்யலாம். அதாவது உயிரோடு இருக்கும்போதே சாஃப்ட்வேராக மறுபிறவி எடுத்துவிட்டது!

அப்படியானால் நான்காம் வகையினர் சொன்னது சரிதானா? பாதி சரி. எப்படி என்று பார்ப்போம்.

கம்ப்யூட்டரில் ஒரு கலர் போட்டோவின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கின்றன. சாதாரணமாகக் கறுப்பு வெள்ளை ஆக்கும்போது, சிவப்பில் சுமார் 30 சதவீதம், பச்சையில் 59 சதவீதம், நீலத்தில் 11 சதவீதம் எடுத்துக் கூட்டுவது ஒரு பழைய வழக்கம். இதனால் என்ன ஆகிறது? சிவப்பு ரோஜாவும் பச்சை இலையும் ஒரே சாம்பல் நிறத்தில் வந்து நிற்கலாம். படம் சப்பென்று இருக்கும். ஒவ்வொரு ஃபிலிமும் ஒவ்வொரு நிறத்தையும் தனக்கே உரிய விகிதத்தில் சாம்பலாக்கும். அந்த விகிதத்தையும், இருளிலிருந்து வெளிச்சம் வரை படிகள் ஏறும் விதத்தையும் எண்களாக எழுதிவைத்தால் அதுதான் "ஃபிலிம் சிமுலேஷன்". ஒரு புரோகிராமராகச் சொல்கிறேன், இது மிக நல்ல வேலை. ஏமாற்று வேலை இல்லை.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஜிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஒரு கலர் போட்டோவைத் திறந்துகொள்ளுங்கள். கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் என்பதற்குள் மோனோ மிக்சர் என்று ஒன்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஸ்லைடர்கள் வரும். சிவப்பைக் கூட்டி நீலத்தைக் குறைத்துப் பாருங்கள். நீல வானம் இருண்டு, மேகங்கள் பளிச்சென்று எழும்பும். பச்சையைக் கூட்டினால் இலைகள் வெளுக்கும். திருப்தியானதும், எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். பழைய கலர் ஃபைலின் மேலேயே சேமித்துவிடாதீர்கள். போன கலர் திரும்பி வராது.

ஆனால் சாஃப்ட்வேரால் தர முடியாத ஒன்று இருக்கிறது. கேமராவுக்குள் இருக்கும் "ஆக்ரோஸ்" ஒரு தோற்றம் மட்டுமே. டிஜிட்டலில் உருவாவது எண்களின் வரிசை. நிஜ ஆக்ரோஸில் உருவாவது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒரு நெகட்டிவ். நான்காம் வகையினர் இந்த வித்தியாசத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நெகட்டிவ் இருக்கிறது, ஃபைல் எங்கே?

ஃபிலிம் நின்றால், இனிமேல் எடுக்கப் போகும் படங்களுக்குத்தான் பாதிப்பு. ஏற்கனவே எடுத்த படங்களுக்கு ஒன்றும் ஆகாது. 2012 ஜனவரியில் கோடாக் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. அன்று உலகத்தில் எந்த வீட்டிலும் ஒரு கோடாக் நெகட்டிவ்கூட அழியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், உருவம் தெரியும். பாஸ்வேர்டு தேவையில்லை.

டிஜிட்டலில் நிலைமை தலைகீழ். புதுப் படம் எடுக்க என்றைக்கும் தட்டுப்பாடு வராது. ஆனால் ஏற்கனவே எடுத்தவைதான் ஆபத்தில் இருக்கின்றன. அதே கோடாக் நடத்திவந்த ஆன்லைன் ஆல்பம் சேவை அதே 2012-இல், ஜூலை மாதம் மூடப்பட்டது. அதில் இருந்த அமெரிக்க, கனடா வாடிக்கையாளர்களின் படங்களை வேறொரு கம்பெனிக்கு மாற்ற வேண்டியிருந்தது. கூகுள் தன் பிக்காசா சாஃப்ட்வேரை 2016-இல் நிறுத்தியது. 1992-இல் பெரிய ஆரவாரத்துடன் வந்த கோடாக் போட்டோ சிடியின் ஃபைல் அமைப்பும் பிறகு கைவிடப்பட்டது. இன்று அதைத் திறக்க அதற்கென்று சாஃப்ட்வேரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் நடந்ததையே சொல்கிறேன். என் பெரியப்பாவின் கல்யாணம் 1980களில் நடந்தது. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். 2006 வாக்கில் பக்கத்து ஊர் ஸ்டூடியோ ஒன்றில் அந்த நெகட்டிவ்களைக் கொடுத்து சிடியில் ஏற்றி வாங்கினார்கள். "அதுதான் சிடியில் இருக்கிறதே" என்று வீட்டுக்கு வெள்ளையடித்த சமயத்தில் நெகட்டிவ் உறைகளைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்கள். ஆச்சி இறந்த பிறகு, அவர் சிரித்தபடி நிற்கும் ஒரே படத்தைப் பெரிதாக்கி மாட்டலாம் என்று சிடியைத் திறந்தோம். படம் 640-க்கு 480 பிக்சல். நல்ல தரத்தில் பிரிண்ட் போட வேண்டுமானால் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல அகலத்துக்குத்தான் அது தேறும். சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நெகட்டிவ் இருந்திருந்தால் இன்று மறுபடி ஸ்கேன் செய்திருக்கலாம்.

வீட்டில் நெகட்டிவ் இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஆக்ரோஸ் போனதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் நெகட்டிவ்களுக்காகக் கொஞ்சம் கவலைப்படுங்கள். இதோ சில யோசனைகள்.

1. டாக்குமெண்ட் ஸ்கேன் செய்யும் சாதாரண ஸ்கேனரில் நெகட்டிவை வைத்தால் ஒன்றும் சரியாக வராது. நெகட்டிவுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். "ஃபிலிம் ஸ்கேன் செய்யும் வசதி உண்டா?" என்று கேட்டு வாங்குங்கள். அல்லது அந்த வசதியுள்ள ஸ்டூடியோவில் கொடுங்கள்.

2. 35 மி.மீ. நெகட்டிவின் அளவு 36-க்கு 24 மி.மீ. அதை 2400 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்தால் சுமார் 3400-க்கு 2270 பிக்சல், அதாவது கிட்டத்தட்ட 7.7 மெகாபிக்சல் கிடைக்கும். வீட்டு உபயோகத்துக்கு இது போதும். 16 பிட் சாம்பல் நிற டிஃப் ஃபைலாகச் சேமித்தால் ஒரு படம் 15 எம்பி அளவுக்கு வரும். 36 படம் உள்ள ஒரு முழு ரோலும் சுமார் 555 எம்பிதான். இன்றைய பென் டிரைவ்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஸ்டூடியோவில் கொடுக்கும்போது "எத்தனை பிக்சல்?" என்று முதலிலேயே கேளுங்கள்.

3. ஸ்கேனர் சாஃப்ட்வேரில் தூசி, கீறல்களை அகச்சிவப்புக் கதிர் மூலம் நீக்கும் வசதி இருக்கலாம். கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அதை ஆஃப் செய்துவிடுங்கள். வெள்ளித் துகள்களே அந்தக் கதிரைத் தடுப்பதால், படத்தையே கீறல் என்று நினைத்து அது கெடுத்துவிடும். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு ஸ்கேன் செய்வதே நல்லது.

4. ஸ்கேனர் இல்லையா? பரவாயில்லை. மானிட்டரில் வெறும் வெள்ளைத் திரையை வரவழைத்து, அதற்குக் கொஞ்சம் முன்னால் நெகட்டிவைப் பிடித்து மொபைலில் படம் எடுங்கள். திரையோடு ஒட்டிப் பிடித்தால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும். பிறகு ஜிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் இன்வெர்ட் கொடுத்தால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிவிடும். நெகட்டிவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க இந்த முறை போதுமானது.

5. ஸ்கேன் செய்த பிறகும் நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரி. நாளை இதைவிட நல்ல ஸ்கேனர் வரும். அதற்காக நெகட்டிவ் சாகாவரம் பெற்றது என்று அர்த்தம் அல்ல. நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும். பழைய அசிடேட் ஃபிலிம் கெட்டுப்போக ஆரம்பித்தால் காடி நெடி வீசும். பேப்பர் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன், வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

6. ஃபைல்களுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று வெளியே எடுத்து வைக்கும் ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டில் அல்லது ஆன்லைனில். ஆன்லைனில் மட்டும் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மேலே சொன்ன ஆல்பம் சேவையின் கதையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

7. எல்லாரும் திறக்கக்கூடிய ஃபைல் வகையில் வையுங்கள். ஜேபெக், டிஃப், பிஎன்ஜி ஆகியவை பல வருடங்களாகப் புழக்கத்தில் இருப்பவை. சில மொபைல்கள் படத்தை ஹெச்இஐசி என்ற வகையில் சேமிக்கும். சில கம்ப்யூட்டர்களில் அதைத் திறக்கத் தனியாக ஒரு சாஃப்ட்வேர் போட வேண்டியிருக்கும். முக்கியமான படங்களை ஜேபெக்காக மாற்றி இன்னொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது.

8. ஃபோல்டருக்கு ஒழுங்காகப் பெயர் கொடுங்கள். "நியூ ஃபோல்டர் 7" என்று வைத்தால் பத்து வருடம் கழித்து உங்களுக்கே புரியாது. "1984 கல்யாணம் திருநெல்வேலி" என்று வருடத்தில் ஆரம்பித்து வையுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு, ஒரு நோட்பேட் ஃபைலில் எழுதி அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். எந்த சாஃப்ட்வேரும் இந்த வேலையை உங்களுக்காகச் செய்யாது.

கடைசியாக என் கருத்து

எந்தக் கம்பெனியும் நமக்காக ஒரு பொருளை என்றென்றும் தயாரித்துக்கொண்டே இருக்காது. ஃபிலிமும் நிற்கும், சாஃப்ட்வேரும் நிற்கும். விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியது. அன்றும் பலர் திட்டினார்கள், பலர் பழையதிலேயே இருந்தார்கள், பலர் மாறிக்கொண்டார்கள். ஆக்ரோஸ் ரசிகர்கள் செய்ததும் இதைத்தான்.

எனவே ஒரு பொருளை வாங்கும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: "இது நின்றுபோனால், இதில் நான் செய்து வைத்தது என் கையில் இருக்குமா?" ஆக்ரோஸ் ரோல் வாங்கியவர்களுக்கு "இருக்கும்" என்ற பதில் தானாகவே கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் வாங்கிய நமக்கு அது தானாகக் கிடைக்காது. பேக்கப் எடுத்து, ஃபைல் வகையைப் பார்த்து வைத்து, நாம்தான் அந்தப் பதிலை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பழைய நெகட்டிவ் உறைகளைக் கீழே இறக்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டாம். முதல் வாரம் ஒரு ரோல் போதும்.